பிரதீபா உயிரோடுதான் இருக்கிறாள்

1

இந்தக் கதை அருணகிரியிடமிருந்து எடுத்தது. கேட்டுவிட்டா எடுத்தேன் என்றால், எடுத்துவிட்டுக் கேட்டேன். "எழுதிக்கோ மச்சான், பேர மட்டும் மாத்திடு" என்றான். மாற்றிப் பார்த்தேன். வேறு பெயர் வைத்த ஆள் அந்த நேர்முக அறைக்குள் போனதும் நியாயமாக நடந்துகொண்டான். கதை இரண்டாவது பக்கத்திலேயே முடிந்துவிட்டது. பழைய பெயரையே திரும்ப வைத்தேன்.

அருணகிரியும் நானும் ஊரப்பாக்கத்தில் ஒரே அலுவலகத்தில் நாலு வருடம் இரவு ஷிஃப்ட் பார்த்தோம். அமெரிக்காவில் யாருக்கோ பல் பிடுங்கிய பில்லை இங்கே உட்கார்ந்து சரிபார்க்கிற வேலை. ஒரு நாள் நான் டீ குடிக்கக் கீழே இறங்கினேன், திரும்ப ஏறவில்லை. கொஞ்ச நாள் கழித்து அவனை அவர்களே இறக்கிவிட்டார்கள். இரண்டும் ஒன்றுதான் என்பான். ஒன்றில்லை. எனக்குக் குழந்தை கிடையாது.

அவனுக்கு வைஷாலி இருக்கிறாள், இரண்டரை வயது. மனைவி பிரதீபா கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் ஷிஃப்ட் முறையில் டெக்னீஷியனாக இருக்கிறாள். வேலைக்குக் கிடைத்த குவார்ட்டர்ஸில் குடியிருக்கிறார்கள். வீடு அவள் பெயரில்.

போன மாதம் ஒரு பகலில் அருணகிரி போன் செய்தான். மாமல்லபுரத்தில் கடற்கரை ரிசார்ட் ஒன்றில் முன்பதிவுப் பிரிவுக்கு ஆள் எடுக்கிறார்களாம். பகல் வேலை. நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

"எல்லாம் ஓகே மச்சான். ஒரே ஒரு பேஜாரு. கொழந்த மேட்டர எப்ப சொல்றது?"

வேலையை விட்டவனிடம் வேலை தேடுகிறவன் யோசனை கேட்டான். இந்தக் கதையில் நடந்த முதல் தவறு அதுதான். இரண்டாவது, நான் பதில் சொன்னது.

2

தொடக்கத்தை மூன்று விதமாக எழுதினேன்.

முதலாவது: 'பிரதீபா கண்ணாடி முன்னால் நின்று அந்த வாக்கியத்தை ஒத்திகை பார்த்தாள். சார், எனக்கு ஒரு சின்னக் குழந்தை இருக்கிறது, அதனால் சாயங்காலத்தில் கொஞ்சம் —'

ஆமாம். முதலில் வேலை தேடுகிறவளாகப் பிரதீபாவைத்தான் எழுதினேன். நாலு பக்கம் சரளமாக வந்தது. அவள் தயங்கினாள். ஏன் தயங்குகிறாள் என்று நான் ஒரு வரிகூட விளக்க வேண்டியிருக்கவில்லை. உங்களுக்கும் விளக்கம் தேவைப்பட்டிருக்காது. அங்கேதான் எனக்குச் சந்தேகம் வந்தது. விளக்கமே தேவைப்படாத பக்கங்களை நான் எழுதித்தான் ஆக வேண்டுமா? தவிர, நிஜமான பிரதீபா ஒன்பது வருடமாக வேலையில் இருக்கிறாள். கதை வசதிக்காக அவளை வேலையை விட்டுத் தூக்க நான் யார்?

இரண்டாவது: 'கடல் அன்று' —

இதோடு நிறுத்திவிட்டேன். கடலுக்கும் குழந்தைகள் காப்பகம் மூடும் நேரத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. மாமல்லபுரம் என்று எழுதிவிட்டதால் கடலைக் கொண்டுவர வேண்டும் என்று யாரும் என்னிடம் எழுதி வாங்கவில்லை.

மூன்றாவது தொடக்கம் கீழே இருக்கிறது. கொஞ்சம் வறட்சியாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

3

காப்பகம் ஐந்தேகாலுக்கு மூடும்.

மூடும் என்றால் மூடும். நடத்துகிற ஞானம்மாள் டீச்சருக்கு ஐந்து இருபதுக்கு பஸ். தாமதமாக வருகிறவர்களின் குழந்தையை, பையும் தண்ணீர் பாட்டிலுமாக எதிரே இருக்கும் மெடிக்கல் ஷாப் கவுண்டரில் ஏற்றி உட்காரவைத்துவிட்டு அவர் போய்விடுவார். குழந்தை பத்திரமாகத்தான் இருக்கும். ஆனால் மாத்திரை வாங்க வருகிற ஒவ்வொருவரும் "யார் வூட்டுப் பொண்ணு இது?" என்று விசாரித்துவிட்டுப் போவார்கள். அருணகிரி இரண்டு முறை அந்தக் கவுண்டரிலிருந்து மகளை இறக்கியிருக்கிறான். இரண்டாவது முறை அவள் ஒரு பெரியவருக்கு இருமல் மருந்தை எடுத்து நீட்டிக்கொண்டிருந்தாளாம்.

ரிசார்ட்டிலிருந்து காப்பகத்துக்கு பைக்கில் இருபத்தைந்து நிமிடம். வேலை நேரம் ஒன்பதிலிருந்து ஆறு. அவன் நாலே முக்காலுக்குக் கிளம்பியாக வேண்டும். தினமும் இல்லை. மூன்று வாரத்துக்கு ஒரு முறை பிரதீபாவுக்கு மதிய ஷிஃப்ட் வரும். அந்த ஒரு வாரம் மட்டும்.*

மொத்த விஷயமே இவ்வளவுதான். மூன்றில் ஒரு வாரம், ஒன்றேகால் மணி நேரம். இதைச் சொல்வதற்குத்தான் அவன் என்னிடம் முகூர்த்தம் கேட்டான்.

"ரெஸ்யூமேலயே போட்டுடவா?"

"போட்டா கூப்டவே மாட்டான்."

"போன்ல சொல்லிடட்டா?"

"போன்ல சொன்னா நேர்ல கூப்ட மாட்டான்."

"நேர்ல?"

"நேர்ல சொன்னா ஆர்டர் வராது."

"சரி, சேந்த அப்பறம் சொல்றேன்."

"ஏன் முன்னாடியே சொல்லலம்பான்."

"இன்னாடா இது! அப்ப நான் எப்பதான் வாயத் தொறக்கறது?"

"எடுத்துக்கறோம்னு அவங்க வாயால சொல்லுவாங்க. கையெழுத்து வாங்க இன்னும் பேப்பர் வந்திருக்காது. நடுவுல ஒரு கேப் கீது பாரு, அங்க சொல்லு. இன்னொண்ணு. வேணுங்கறத மொதல்ல சொல்லு, காரணத்த அப்பறமா சொல்லு. காரணத்துல ஆரம்பிச்சா கெஞ்சற மாதிரி இருக்கும்."

இந்தக் கடைசி யோசனையை ஒரு வீடியோவில் பார்த்தேன். அதில் பேசியவருக்கு நல்ல கோட் இருந்தது.

(* பாட்டி எங்கே? இந்தக் கதையைக் கேட்ட எல்லோரும் கேட்டுவிட்டார்கள். ஒருவர் விருதுநகரில் தையல் கடை வைத்திருக்கிறார். இன்னொருவர் செய்யூரில் கடலைக்கொல்லையை விட்டு வரமாட்டார். தாத்தாக்கள் எங்கே என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்கவில்லை.)

4

ரிசார்ட்டின் வரவேற்பறையில் ஒரு நீளமான சோபா. அதில் அருணகிரிக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தவள் ராபியா. செங்கல்பட்டுக்காரி, அவள் கணவருக்கு பஜாரில் செல்போன் கடை. அதே வேலைக்குத்தான் வந்திருந்தாள். ஐந்து வருட அனுபவம், மூன்று மொழி பேசுவாள். பேசிக்கொண்டிருந்த பத்து நிமிடத்தில் 'இந்த வேலை இவளுக்குத்தான்' என்று அருணகிரிக்கே தோன்றிவிட்டது.

[இரண்டாவது வரைவில் ராபியாவை நீக்கினேன். கதையில் ஆட்கள் அதிகம் என்று பட்டது. நீக்கிய பிறகு அருணகிரி செய்தது பெரிய தப்பாகவே தெரியவில்லை. அதனால் மறுபடி கூட்டிவந்து சோபாவில் உட்காரவைத்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. காத்திருந்து பழகியவள்.]

உள்ளே போனாள். ஆறு நிமிடத்தில் வெளியே வந்தாள்.

"இன்னாங்க, அதுக்குள்ள?" என்றான் அருணகிரி.

"எல்லாம் நல்லாத்தாண்ணே போச்சு. சின்னப் பொண்ணு இருக்கா, அஞ்சரைக்கு வூட்ல இருக்கணும்னேன். அந்த மேனேஜரு, 'மாமியார் இல்லையாம்மா'ன்னாரு. இருக்காங்க, ஆனா அவங்களுக்கு முட்டி வலின்னேன். போன்ல சொல்றோம்னுட்டாரு."

"போன் பண்ணுவாங்க, வுடுங்க."

"பண்ணுவாங்க பண்ணுவாங்க. உங்களுக்கும் கொழந்த இருக்கா?"

"இருக்கு."

"உங்கள கேக்க மாட்டாங்க. நீங்களா போயி சொல்லிட்டு நிக்காதீங்க."

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கதையை விட்டும் போய்விட்டாள். நான் தடுக்கவில்லை.

5

உள்ளே இரண்டு பேர். மேனேஜர் நரசிம்மன். ஹெச்.ஆர். லோகநாயகி, ஐம்பது வயதிருக்கும், கழுத்தில் கண்ணாடி தொங்கும். கேள்விகளை எல்லாம் நரசிம்மன்தான் கேட்டார். லோகநாயகி எழுதிக்கொண்டிருந்தார். அருணகிரி நன்றாகப் பதில் சொன்னான். பல் பிடுங்கிய பில்லையே நாலு வருடம் பார்த்தவனுக்கு அறை முன்பதிவு ஒரு வேலையா?

"அடுத்த திங்கக்கிழமை சேந்துக்கலாமா?" என்றார் நரசிம்மன்.

கேப் வந்துவிட்டது. நான் சொன்ன அதே இடம். அருணகிரி நான் சொன்னபடியே வேண்டியதை முதலில் சொன்னான்.

"சேந்துக்கறேன் சார். ஒண்ணே ஒண்ணு. சாயந்தரம் காப்பகத்துலேந்து கொழந்தைய நான்தான் போய்க் கூட்டியாறணும். நாலே முக்காலுக்குக் கிளம்பறா மாதிரி இருக்கும்."

லோகநாயகி எழுதுவதை நிறுத்தினார்.

நியாயமாக இங்கே காரணம் வந்திருக்க வேண்டும். 'என் மனைவிக்கு மூன்று வாரத்துக்கு ஒரு முறை மதிய ஷிஃப்ட்.' அவன் மனப்பாடம் செய்து வைத்திருந்த வாக்கியம். அதற்குள் லோகநாயகி கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"கொழந்தைக்கு எத்தன வயசு தம்பி?"

அதுவரை அவன் 'மிஸ்டர் அருணகிரி'. தம்பி ஆனதை அவன் கவனித்தான்.

"ரெண்டரை, மேடம்."

"எங்க வூட்டுக்காரரு போனப்ப என் பையனுக்கு மூணு. எனக்கு அன்னிக்கு ஒருத்தனும் அஞ்சு நிமிஷம் முன்னாடி போன்னு சொல்லல. ஓடி ஓடிப் போவேன். நீங்க போங்க தம்பி. தெனமும் நாலே முக்காலுக்கே போங்க. சார் ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

நரசிம்மன் தன் முன்னால் இருந்த தண்ணீர் பாட்டிலை மூடி திறந்து அருணகிரி பக்கம் நகர்த்தினார்.

அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. இந்த அறையில் பிரதீபா செத்துப்போயிருக்கிறாள்.

யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை, அவனும் பொய் சொல்லவில்லை. ஒரு ஆண் பிள்ளை, சாயங்காலம் குழந்தையை நான்தான் கூட்டிவர வேண்டும் என்கிறான். அப்படியென்றால் அந்த வீட்டில் பெரிதாக ஏதோ நடந்திருக்க வேண்டும். ஷிஃப்ட்டாக இருக்கும் என்று அந்த இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. அருணகிரியின் கணக்குப்படி நாலு விநாடி அவகாசம் இருந்தது. நாலு விநாடியில் தாராளமாக ஒரு மனைவியை உயிர்ப்பித்துவிடலாம்.

அவன் தண்ணீரைக் குடித்தான்.

6

இந்த இடத்தில் எனக்கு அருணகிரி மேல் சந்தேகம். தண்ணீர் குடித்தது தாகத்துக்கா, வாயை அடைக்கவா? நேரில் கேட்டேன்.

"தொண்ட காஞ்சிருந்துச்சுடா."

"குடிச்சப்பறம் சொல்லிருக்கலாமே?"

"அந்தம்மா கண்ணு தொடச்சிகினு கீது. அப்ப போயி, 'மேடம், என் பொண்டாட்டி வூட்ல தோச சுட்டுகினு கீறா'ன்னு சொல்லச் சொல்றியா?"

"அவ அன்னிக்கி டூட்டியில இருந்தா."

"அதான், ஒரு பேச்சுக்கு."

அவன் பக்கமும் கொஞ்சம் சொல்ல வேண்டும். எட்டு மாதமாக வேலை இல்லை. குவார்ட்டர்ஸில் மாடிப்படி ஏறும்போது எதிரில் வருகிறவர்கள் எல்லாம் "இன்னிக்கு லீவா சார்?" என்று கேட்கிற இடம். ஒன்பது நேர்முகம் போய்வந்திருக்கிறான். முதல் முறையாக ஒருவர் 'வா' என்றார், அதுவும் நாலே முக்காலோடு சேர்த்து. அந்த நேரத்தில் உண்மை பேசியிருப்பேன் என்று சொல்கிறவர்கள் கை தூக்குங்கள். நான் தூக்கவில்லை.

வேலை கிடைத்ததை வீட்டில் உடனே சொன்னான். மனைவி செத்ததை மூன்று நாள் சொல்லவில்லை. நாலாவது நாள், சேருவதற்கு முன் நிரப்பித் தர வேண்டிய படிவம் ஒன்றைப் பிரதீபா அவன் பைக் கவரிலிருந்து எடுத்தாள். மருத்துவக் காப்பீட்டுப் படிவம். அதில் மூன்று கட்டங்கள்: மணமானவர், மணமாகாதவர், துணையை இழந்தவர். மூன்றாவது கட்டத்தில் பென்சிலால் மெல்ல ஒரு டிக் இருந்தது. அவன் போட்டதில்லை. அந்தக் கட்டத்தில் அவனே டிக் போடுவது கஷ்டமாக இருக்குமே என்று லோகநாயகி முன்கூட்டிப் போட்டுக் கொடுத்திருந்தார்.

பிரதீபாவின் கண்கள் கலங்கின. [ஆட்சேபம் உள்ளது. பார்க்க: 8]

"ஏங்க, என்ன இது?"

அவன் சொன்னான். எல்லாவற்றையும் சொன்னான். கடைசியில், "உனக்குத்தான் உங்க ஆபீஸ் ஆஸ்பத்திரி இருக்குதே, இந்தக் காப்பீடு உனக்கு எதுக்கு?" என்றும் சொன்னான். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"என்னைய கொன்னதும் இல்லாம, கொன்னதுனால நட்டம் ஒண்ணுமில்லைனு வேற சொல்லுதீங்களா?"

7

திங்கட்கிழமை படிவத்தோடு போக வேண்டும். இந்தக் கதைக்கு என்னிடம் மூன்று முடிவுகள் இருந்தன.

(அ) அருணகிரி அழிரப்பரால் பென்சில் டிக்கை அழிக்கிறான். முதல் கட்டத்தில் பேனாவால் போடுகிறான். எதுவும் பேசாமல் நீட்டிவிட்டுத் தன் நாற்காலிக்குப் போய்விடுகிறான். லோகநாயகி படித்தால் படிக்கட்டும். இது கோழைத்தனமான முடிவு. அருணகிரிக்கு மிகவும் பிடித்திருந்தது.

(ஆ) பென்சில் மேலேயே பேனாவை ஓட்டுகிறான். வேலை நன்றாகப் போகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு சதுரங்கப்பட்டினம் கோட்டைக்குப் போகிறார்கள். அங்கே லோகநாயகி தன் மகனோடு வந்திருக்கிறார். வைஷாலி "அம்மா!" என்று கத்திக்கொண்டு ஓடி, செத்துப்போனவளின் புடவையைப் பிடித்து இழுக்கிறாள். எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்தது. ஆனால் இது பேய்க்கதை. பேய்க்கதை எழுத எனக்குத் தெரியாது.

(இ) திங்கட்கிழமை காலை லோகநாயகி முன்னால் உட்கார்ந்து, 'மேடம், என் மனைவி உயிரோடு இருக்கிறாள். எனக்கு மூன்றில் ஒரு வாரம் போதும்' என்கிறான். லோகநாயகி அவனைப் பார்த்து மெல்ல —

மெல்ல என்ன செய்வார்? சிரிப்பாரா? நான் பார்த்த எந்த அலுவலகத்திலும் அந்த இடத்தில் யாரும் சிரித்ததில்லை. துக்கத்துக்காகக் கொடுத்ததைத் துக்கம் இல்லை என்று தெரிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். கூடவே வேலையையும் வாங்கிக்கொள்வார்கள். அப்படி எழுதலாம். ஆனால் படித்துவிட்டு 'அதனால்தான் வாயைத் திறக்கக் கூடாது' என்று நீங்கள் முடிவு கட்டிவிடுவீர்கள். அதையும் நான் விரும்பவில்லை.

முடிவு இல்லாமலே கதையை அருணகிரிக்கு அனுப்பினேன். அவன் ஒரு கட்டைவிரலைத் திருப்பி அனுப்பினான். அதோடு நிறுத்தாமல் கதையைப் பிரதீபாவுக்கும் அனுப்பிவிட்டான். பயந்தவர்கள் இப்படித்தான், ஆபத்தை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு நிம்மதியாக உட்கார்ந்துகொள்வார்கள்.

8

பிரதீபா எனக்கு ஐந்து வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள். மதிய சாப்பாட்டு நேரத்தில், பின்னால் கேன்டீன் தட்டுச் சத்தத்தோடு. அப்படியே தருகிறேன்.

"அண்ணே, கத படிச்சேன். கண்கள் கலங்கினன்னு போட்டுருக்கீங்க. எங்க கலங்குச்சு? சிரிச்சேன். சிரிச்சுட்டுத்தான் கத்துனேன்."

"ரெண்டாவது, நான் தோச சுடுறதாட்டம் ரெண்டு பேரும் பேசிக்கிட்டது. எங்க வீட்ல தோச சுடுறது அவரு. எனக்கு வட்டமா வராது."

"இன்னொண்ணு. அவரு பேசாம இருந்தது எனக்குப் பெருசா தெரியல. ஒன்பது தடவ போயி வந்த மனுசன். ஆனா அந்த மேடத்த நெனச்சுப் பாருங்க. யாரும் அவங்களுக்குக் குடுக்காதத எடுத்து இவருக்குக் குடுத்திருக்காங்க. இவரு அத வாங்கி பைக் கவர்ல வெச்சுட்டு வந்திருக்காரு."

நாலாவதில் முதலில் யாரிடமோ தண்ணீர் கேட்கிறாள். அப்புறம்:

"நான் ஒரு நாளு எங்க ஆபீஸ்ல கேட்டேண்ணே. பிள்ளைக்குக் காய்ச்சல், சீக்கிரம் போகணும்னு. என் புருசன் செத்துட்டாருன்னு அங்க யாராச்சும் நெனச்சாகளா? ஒருத்தரும் நெனைக்கல. 'வீட்ல யாரும் இல்லையாம்மா'ன்னுதான் கேட்டாக. அவரு அப்ப வீட்லதான் இருந்தாரு. உசுரோட, சோபாவுல."

ஐந்தாவது: "முடிவ நீங்க எழுத வேண்டாம். நாளைக்கு எனக்கு ஆஃப்."

9

மறுநாள் சனிக்கிழமை. காலை பத்து மணிக்குப் பிரதீபா ரிசார்ட்டுக்குப் போன் செய்தாள். அருணகிரி வைஷாலிக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தான். யாருக்குப் போன் என்று அவனுக்குத் தெரியாது. அவள் ஹெச்.ஆர். என்று சொன்னபோதுதான் தெரிந்தது. துண்டு அப்படியே குழந்தையின் தலையில் நின்றுவிட்டது.

"வணக்கம் மேடம். நான் பிரதீபா பேசுறேன். திங்கக்கிழம உங்ககிட்ட சேரப்போற அருணகிரியோட வொய்ஃப்."

மூச்சு விடாமல் தொடர்ந்தாள்.

"நான் கல்பாக்கத்துல ஷிஃப்ட் பாக்குறேன் மேடம். அவரு அத உங்ககிட்ட சொல்லியிருக்கணும், சொல்லல. தப்புதான். நீங்க பென்சில்ல டிக் போட்டுக் குடுத்தத நான் பாத்தேன். அது உங்க நல்ல மனசு. ஆனா அது எனக்கு வேண்டாம். அவருக்கு மூணு வாரத்துல ஒரு வாரம் சீக்கிரம் போகணும். மிச்ச ரெண்டு வாரம் ஆறு மணி வர இருக்கட்டும். நான் உசுரோட இருக்கும்போதே இத அவருக்குக் குடுப்பீங்களான்னு கேக்கத்தான் போன் பண்ணுனேன்."

பிறகு லோகநாயகி ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்.

"இப்ப கொழந்த யார்கிட்ட இருக்கு?"

"அவங்க அப்பாட்ட. இன்னைக்கு எனக்கு ஆஃப், ஆனாலும் அவங்க அப்பாட்டதான் இருக்கா."

இதுவரைக்கும்தான் பிரதீபா என்னிடம் சொன்னாள். அதற்குப் பிறகு லோகநாயகி என்ன சொன்னார் என்று கேட்டேன். "அது உங்க கதையில வர வேண்டாம்ணே" என்றாள். அருணகிரியைக் கேட்டேன். "அவ சொல்லக் கூடாதுன்னுட்டா மச்சான்" என்றான். அவன் குரலை வைத்துக் கண்டுபிடிக்கப் பார்த்தேன். குரலில் ஒன்றும் தெரியவில்லை. முதல் முறையாக அவன் ஒரு விஷயத்தை ஒழுங்காக மறைத்திருக்கிறான்.

நானாக எழுதிவிடலாம். லோகநாயகியைச் சிரிக்கவைக்கலாம், போனை வைக்கச் சொல்லலாம், நரசிம்மனைக் கேட்டுச் சொல்கிறேன் என்று தப்பிக்கவைக்கலாம். எழுத மாட்டேன். யோசனை சொல்லிக் கதையைக் கெடுத்தவன் முடிவையும் சொல்வது சரியில்லை.

அதனால் நீங்கள் கொஞ்சம் லோகநாயகியின் நாற்காலியில் உட்காருங்கள். உங்களுக்கு ஐம்பது வயது. மேசையில் திங்கட்கிழமை சேருகிறவனின் கோப்பு. உங்கள் மகனை அன்றைக்கு யாரிடம் விட்டுவிட்டு ஓடினீர்கள் என்பது உங்களுக்கு மட்டும் தெரியும். நீங்கள் சாகடித்த ஒரு பெண் போனில் மூச்சு விடுவது கேட்கிறது. நீங்கள் ஒன்றும் சொல்லாததால் போன் துண்டித்துவிட்டதோ என்று அவளுக்குச் சந்தேகம்.

"மேடம்? லைன்லதான் இருக்கேன். சொல்லுங்க."